வானத்துப் பறவைகளும் நம் ஊர்ப் பெயர்களும்

அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மாலை வேளைகளில் சற்று நடப்பது, காரைக்காலில் பணியேற்ற நாள்முதல் நமக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி முடித்த சிறுவர் சிலரும் உடன் வந்தனர். ஆற்றுக்கு மேலே செங்காவி நிறச் சிறகும் வெண்மையான தலையும் மார்பும் கொண்ட பறவையொன்று வட்டமிட்டது. திடீரெனத் தாழ்ந்து, நீர்ப்பரப்பிலிருந்து எதையோ கவ்விக்கொண்டு மேலெழுந்தது.

"சாமி, இது என்ன பறவை?" என்றான் ஒரு சிறுவன்.

"பருந்து" என்றோம்.

"கோழிக்குஞ்சு தூக்குற பருந்து வேற மாதிரி இருக்கும் சாமி. இது அது இல்ல."

மேற்கொண்டு சொல்ல நமக்கு விடை இல்லை. கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கையிலிருந்த வேலையை விடாமலே, "செம்பருந்து தம்பி. கருடன்னும் சொல்லுவாங்க" என்றார். இறையியலில் பட்டம் பெற்றவருக்குத் தெரியாதது வலைஞருக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவு தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

அன்பார்ந்த வாசகர்களே, அச்செம்பருந்தின் வரலாறு நம்மை வியப்பில் ஆழ்த்தியது. பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் 1760-ஆம் ஆண்டு வெளியிட்ட பறவை நூலில் இதற்கு இட்ட பெயர் 'பாண்டிச்சேரிக் கழுகு' என்பதாகும். காரைக்காலைத் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்றது 1739-இல். அதன்பின் இருபத்தோர் ஆண்டுகளில் நம் கடற்கரைப் பருந்தொன்று பாரிசு நகரின் ஏட்டில் ஏறிவிட்டது. டச்சு நாட்டவரான பொட்டார்ட் 1783-இல் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். இவ்வாறு நம் கரையின் பறவைகள் ஒவ்வொன்றாக ஐரோப்பாவின் அறிவுலகிற்குள் நுழைந்தன.

இவ்வரலாற்றில் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் பியேர் சொன்னரா. 1748-இல் லியோன் நகரில் பிறந்த இவர், 1774 முதல் 1781 வரை இந்தியா, இலங்கை, சீனம் முதலிய நாடுகளில் பயணம் செய்தார். புதுச்சேரியைச் சூழ்ந்த தமிழ் நிலத்தில் கண்ட மக்களையும் தொழில்களையும் செடிகளையும் பறவைகளையும் படங்களோடு விவரித்து, 1782-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இன்று நாம் காட்டுக்கோழி என்றழைக்கும் தென்னகப் பறவை, அறிவியல் பெயரில் இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சொன்னராவின் நூலைத் தம் மேசையில் வைத்துக்கொண்டு, ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரப் பேராசிரியர் கிமெலின் என்பவர் 1789-இல் பல பறவைகளுக்கு இலத்தீன் பெயர்களை வழங்கினார். கவுதாரிக்கு அவர் இட்ட பெயரில் 'பாண்டிசெரியானுஸ்' என்று புதுச்சேரி இருக்கிறது. மழைக்காலத்தில் வயல்வரப்புகளில் ஒலிக்கும் கருமார்புக் காடையின் பெயரில் சோழமண்டலக் கரை 'கோரமாண்டெலிகா' என்று இருக்கிறது. குளங்களில் நீந்தும் சின்னஞ்சிறு குள்ளத்தாராவின் பெயரிலும் அதே சோழமண்டலம்தான். அடுத்த ஆண்டு, 1790-இல், இலேத்தம் என்ற ஆங்கிலேயர் பாறு ஒன்றின் பெயரில் செஞ்சியை 'ஜிஞ்ஜினியானுஸ்' என்று பொறித்தார். திருக்கழுக்குன்றத்து மலைமேல் நாள்தோறும் உணவுண்ண வந்ததாகப் புகழ்பெற்ற மஞ்சள்முகப் பாறு இவ்வினத்தைச் சேர்ந்ததே. காரைக்காலுக்கு வடக்கே, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியும் விடுபடவில்லை. செந்நிறக் காட்டுப்புறா ஒன்றிற்கு 1804-இல் அச்சேறிய நூலில் 'டிராங்குபாரிகா' என்று பெயர் அமைந்தது.

புதுச்சேரி, செஞ்சி, தரங்கம்பாடி, சோழமண்டலம் ஆகிய நம் பெயர்கள் உலகத்துப் பறவை நூல்கள் அனைத்திலும் இன்றும் உள்ளன. பெருமைதான். எனினும் இப்பெயர்களில் பலவற்றை இட்டவர்கள் இப்பறவைகள் பறப்பதைக் கண்டதில்லை என்பதையும் மறைக்க இயலாது. உலர்ந்த தோலையும் தீட்டிய படத்தையும் பிறர் எழுதிய குறிப்பையும் கொண்டே அவர்கள் பெயரிட்டனர். அதனால் பிழைகளும் நேர்ந்தன. இலேத்தம் செஞ்சியின் பெயரையே இட்ட மைனா ஒன்று, உண்மையில் வட இந்திய ஆற்றங்கரைகளில் மிகுதியாக வாழ்வது. சொன்னரா தம் முந்தைய நூலொன்றில் நியூகினித் தீவின் பறவை என்று காட்டிய மீன்கொத்தி இனமோ ஆஸ்திரேலியாவுக்கு உரியது. அது இன்றளவும் தன் அறிவியல் பெயரில் தான் வாழாத நியூகினியைச் சுமந்து திரிகிறது.

கிமெலின் பெயரிட்ட அதே 1789-இல் இங்கிலாந்தில் வேறொரு நூல் வெளிவந்தது. செல்பர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஆங்கிலிக்கச் சபைக் குரு கில்பர்ட் ஒயிட் எழுதியது அது. அவர் தொலைநாடுகளுக்குச் சென்றவர் அல்லர். தம் ஊரின் வேலிகளையும் கூரைகளையும் வயல்களையும் ஆண்டுக்கணக்கில் பார்த்தவர். எந்தப் பறவை எந்நாளில் வந்தது, எந்நாளில் மறைந்தது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். தோற்றத்தில் ஒன்றுபோலிருந்த சிறு குருவிகளை அவற்றின் பாட்டைக் கேட்டே மூன்று இனங்கள் எனப் பிரித்தறிந்தார். பூசை, நோயாளி சந்திப்பு, அடக்கச் சடங்கு ஆகியவற்றுக்கு இடையே ஒரு குருவால் இதைச் செய்ய முடிந்தது என்பதைப் படித்தபோது, ஒரே ஊரில் பல ஆண்டுகள் நடந்தும் ஒன்றையும் பாராத நம் கண்கள் நினைவுக்கு வந்தன.

அவ்வாறாயின் நம் முன்னோர் பறவைகளைப் பார்க்கவில்லையோ? நன்றாகவே பார்த்திருந்தனர். அவர்கள் இட்ட பெயர்களே அதற்குச் சான்று. வயலில் நத்தையைக் கொத்தி உண்பதால் அது நத்தைகுத்தி நாரை. அரிவாள்போல் வளைந்த அலகுடையது அரிவாள்மூக்கன். மேயும் மாட்டின் உண்ணியைப் பொறுக்குவது உண்ணிக்கொக்கு. ஆள் நடமாட்டம் கண்டால் கூவி ஊருக்கு உணர்த்துவது ஆட்காட்டி. கூட்டைத் தொங்கவிடுவது தூக்கணாங்குருவி. உணவு, உறுப்பு, குணம், வீடு என ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு காட்சி அடங்கியிருக்கிறது. தோலைப் பார்த்து இட்ட பெயர்கள் அல்ல இவை. சேற்றில் நின்று நாற்று நட்டவர்களும் மாடு மேய்த்தவர்களும் உயிருள்ள பறவையைக் கண்டு இட்டவை. நிகண்டு இயற்றிய புலவர்களும் பறவைப் பெயர்களைத் தொகுத்துப் போற்றினர். சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்பவர் 1862 முதல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில், இலத்தீன் பெயருடன் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் கேட்டறிந்து சேர்த்தார்.

நம் திருநள்ளாற்றின் தல வரலாறு நளனோடு தொடர்புடையது. நளனுக்காகத் தமயந்தியிடம் தூது சென்றது அன்னம் என்பது கதை. நாம் கண்டிராத அந்த அன்னத்தைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகிறார்கள். அதே பள்ளியின் மின்கம்பியில் விடியுமுன்பே கூவும் கரிச்சானை அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. இக்குறையில் நமக்கும் பங்குண்டு.

பறவையைப் பார்ப்பதற்காகவே பார்ப்பது என்பது, உலக அளவிலும் பழைய பழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பறவையை அறிய விரும்பியவர் முதலில் எடுத்தது துப்பாக்கியையே. சுட்டு வீழ்த்தி, கையில் வைத்துப் பார்த்தால்தான் இனம் தெரியும் என்பது அக்கால நம்பிக்கை. தாமும் சுட்டுக்கொண்டிருந்த எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர் அதைக் கைவிட்டு, பறவைகளைப் பார்ப்பதையே தலைப்பாக்கி 1901-இல் ஒரு நூல் எழுதினார். தொலைநோக்கிக் கண்ணாடி துப்பாக்கியின் இடத்தைப் பெறத் தொடங்கியது அக்காலத்தில்தான்.

நம் நாட்டில் இம்மாற்றத்தைத் தம் வாழ்விலேயே காட்டியவர் சாலிம் அலி. 1896-இல் மும்பையில் பிறந்து, பெற்றோரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்டு, இது வீட்டுக்குருவி அன்றே என்று ஐயுற்று மாமனிடம் காட்டினார். மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். கழகச் செயலர் மில்லர்ட், சிறுவன்தானே என்று எண்ணாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அந்த ஒரு நாள் ஒரு வாழ்வைத் தீர்மானித்தது. 1941-இல் சாலிம் அலி வெளியிட்ட இந்தியப் பறவைகள் கையேடு, எத்தனையோ இல்லங்களில் முதல் பறவை நூலாயிற்று. 1985-இல், தம் மறைவுக்கு இரண்டு ஆண்டுகளுக்குமுன், தன்வரலாற்றை எழுதியபோது அதற்கு 'ஒரு குருவியின் வீழ்ச்சி' என்று பொருள்படப் பெயரிட்டார். தந்தையின் விருப்பமின்றி ஒரு குருவியும் நிலத்தில் வீழாது என்னும் ஆண்டவர் வாக்கை அறிந்த நமக்கு அத்தலைப்பு புதிதாக ஒலிக்காது.

சாலிம் அலியின் வரலாறு நம் அருகிலேயே ஓர் இடத்தில் வந்து சேர்கிறது. காரைக்காலிலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், நாகையையும் வேளாங்கண்ணியையும் கடந்து கோடியக்கரை வரும். வேளாங்கண்ணி வரை எத்தனையோ முறை திருப்பயணம் சென்ற நம்மவருள், அதற்கப்பால் கோடியக்கரை வரை சென்றவர் எத்தனை பேர்? 1967-இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களுக்குரிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பம்பாய்க் கழகத்தினர் அங்கே பல்லாண்டுகள் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவித்தனர். பறவைகளைக் காயமின்றிப் பிடிப்பதற்குப் பீகாரைச் சேர்ந்த மிர்ஷிகார் என்னும் வேடர்களின் கைத்திறன் அவர்களுக்குத் துணைநின்றது. தலைமுறை தலைமுறையாக விற்பதற்குப் பறவை பிடித்த கைகள், விடுவிப்பதற்குப் பிடிக்கும் கைகளாயின. அத்தகைய வளையங்களின் துணையால் பறவைகள் செல்லும் வழிகள் தெளிவாயின. முப்பது கிராம் எடைகூட இல்லாத சிற்றுள்ளான், வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் உப்பளச் சேற்றுக்கு வருகிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் அறிந்த காரைக்கால் மக்களுக்கு, அவையின்றி ஆண்டுதோறும் வந்து செல்லும் இப்பயணியை அறிமுகம் செய்துவைக்க வேண்டியது நம் கடமையன்றோ?

இவ்விடத்தில் நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் ஒப்பவில்லை. பல ஆண்டுகளுக்குமுன், காவிரியின் கடைமடையில் வேறொரு பங்கில் நாம் பணியாற்றினோம். கோயில் வளாகத்தில் முதிய புளியமரம் ஒன்று நின்றது. அதில் கொக்கு போன்ற, ஆனால் கொக்கைவிடக் குட்டையான, சாம்பல் நிறப் பறவைகள் கூட்டம் கூட்டமாய்க் கூடுகட்டின. திருவிழா நெருங்கியது. கொடிமரத்தின்மேலும் பந்தலின்மேலும் எச்சம் விழுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்று மக்கள் முறையிட்டனர். கிளைகளை வெட்டிவிடலாம் என்று நாமே முடிவு செய்தோம்.

கோயில்பிள்ளை மட்டும் தயங்கி வந்து நின்றார். "சாமி, கூட்டுல குஞ்சு இருக்கு. மாசி கழியட்டும். எல்லாம் பறந்துடும், அப்புறம் வெட்டிக்கலாம்" என்றார். திருவிழாவோ தையில். அவர் சொல்லை நாம் கேட்கவில்லை.

கிளைகள் விழுந்தபோது கூடுகளும் விழுந்தன. இறகு முளைக்காத குஞ்சுகள் மணலில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிறுவர் சிலர் சட்டையில் ஏந்திச் சென்று நீரூட்டினர். எதுவும் பிழைக்கவில்லை. மேலே தாய்ப்பறவைகள் இரண்டு நாள் சுற்றி வந்தன. மூன்றாம் நாள்தான், "அது என்ன பறவை?" என்று கோயில்பிள்ளையிடம் கேட்டோம். "வக்கா, சாமி. ராத்திரியிலதான் இரைக்குப் போகும்" என்றார். வெட்டிய பிறகே பெயரைக் கேட்டோம். முன்பே கேட்டிருந்தால் வெட்டியிருக்க மாட்டோம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் மாசி வரை காத்திருந்திருப்போம் என்றே நினைக்கிறோம்.

பின்னாளில் வேடந்தாங்கலின் வரலாற்றைப் படித்தபோது நம் தலை தாழ்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்து அச்சிற்றூரின் ஏரி மரங்களிலும் இதே வக்காவும் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடுகட்டுகின்றன. அங்கும் எச்சம் விழுகிறது. அது ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை அம்மக்கள் கண்டறிந்திருந்தனர். ஆகவே, வெள்ளைச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் பொறுத்திருக்கவில்லை. மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-இல் லயோனல் பிளேஸ் என்ற ஆட்சியரிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றனர். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டனர். நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்க் கிராமம் பறவைக்காக அரசிடம் வாதாடியிருக்கிறது. 2022-இல் வேடந்தாங்கலும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அம்மக்கள் கற்றறிந்த அறிவியலார் அல்லர். தங்கள் பறவைகளைப் பார்த்தறிந்தவர்கள்.

பார்ப்பதால் என்ன பயன், பொழுதுபோக்குத்தானே என்று கேட்போர் உண்டு. பாறுகளின் கதை அவர்களுக்கு விடையாகட்டும். 1990-களில் இந்தியாவில் பாறுகள் திடீரென அருகி வருவதை முதலில் உணர்ந்தவர்கள், ஆண்டுதோறும் அவற்றைப் பார்த்துக் கணக்கெடுத்தவர்களே. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தது. மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது 2004-இல் வெளிப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்த அரசு தடை விதித்தது. பார்த்து எண்ணியவர்கள் இல்லையெனில், போனதுகூடத் தெரியாமல் அவை போயிருக்கும். திருக்கழுக்குன்றத்திலும் சென்ற நூற்றாண்டின் இறுதியோடு பாறுகளின் வருகை நின்றுபோயிற்று. செஞ்சியின் பெயரை உலகம் முழுதும் சுமந்த பறவைக்குச் செஞ்சி நாட்டில் நேர்ந்த நிலை இது.

மலைப்பொழிவில், கவலை வேண்டாம் என்று தம் சீடருக்குச் சொல்ல வந்த ஆண்டவர், முதலில் வானத்துப் பறவைகளை நோக்கி அவர்கள் கண்களைத் திருப்பினார். குருமடத்தில் கிரேக்கம் பயின்றபோது, மத்தேயு இங்கே ஆளும் வினைச்சொல் மேலோட்டமாய்ப் பார்ப்பதன்று, கண்ணை நிலைநிறுத்தி உற்றுநோக்குவது என்று பேராசிரியர் விளக்கினார். லூக்கா இன்னும் ஒரு படி சென்று காகத்தைப் பெயர்சொல்லியே குறிப்பிடுகிறார். இப்பகுதியை எத்தனையோ மறையுரைகளில் விளக்கியிருக்கிறோம். கவலையைப் பற்றியும் இறைபராமரிப்பைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். கோயிலைவிட்டு வெளியே வந்து தலையை உயர்த்தி, சொல்லப்பட்டதைச் செய்ததில்லை. கட்டளையை விட்டுவிட்டு அதன் விளக்கத்தை மட்டும் கைக்கொண்டோம்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப்புத்தகமும், காலையில் கால்மணி நேரமும் போதும். வீட்டு முற்றத்துக் காகம், மைனா, தவிட்டுக்குருவியிலிருந்து தொடங்கலாம். பறவையின் அளவு என்ன, அலகு எப்படிப்பட்டது, கால் என்ன நிறம், தனியே வந்ததா கூட்டமாய் வந்ததா என்று நான்கு கேள்விகளுக்கு விடை எழுதினால், பெயரைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். கூடுள்ள இடத்தை நெருங்குதல் ஆகாது. படமெடுக்கும் ஆசையில் பறவையை விரட்டுதலும் ஆகாது. வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களிடம் பெயரைக் கேட்க வேண்டும். புத்தகத்தில் இல்லாத பெயர்கள் அவர்களிடம் இருக்கக்கூடும். அவர்களோடு அவையும் மறைந்துவிடக்கூடும். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். நம் பங்கின் இளைஞர்களும் அரசலாற்றுக் கரையில் நின்று அதில் பங்கேற்க இயலும்.

அன்று கேள்வி கேட்ட சிறுவனும் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறான். அதில் 43 பெயர்கள் சேர்ந்துள்ளன. முதல் பெயர் செம்பருந்து. சொன்னவர் பெயரும் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வாண்டு நம் பங்கு இல்லத்துக்குப் பின்னுள்ள மரத்தில் வக்காக்கள் வந்து கூடுகட்டியுள்ளன. மாலை மூவேளைச் செபமணி அடித்து முடியும் நேரத்தில், கரகரத்த குரலெழுப்பிக்கொண்டு ஒவ்வொன்றாய் ஆற்றை நோக்கிப் பறக்கின்றன. எச்சம் விழுகிறது என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் சென்ற வாரம் பேச்சு எழுந்தது. மாசி கழியட்டும் என்று கேட்டுக்கொண்டோம். அனைவரும் ஒப்புக்கொண்டனர்.